நேஷனல் ஃபுட்பால் லீக் ஏன் நின்னுச்சு? – உங்க சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, நம்ம நாட்டு கால்பந்து கிளப்புங்க ஆடுற ஐ-லீக்குக்கு முன்னாடி நேஷனல் ஃபுட்பால் லீக்னு ஒண்ணு இருந்துச்சாமே, அது ஏன் நின்னுச்சு? அதுல சென்னை டீம் ஏதும் ஆடுச்சா?"

ஆடுச்சு தம்பி. இந்தியன் பேங்க். பேரைக் கவனிச்சீங்களா? பேங்க்! அந்த லீக்கோட பாதிக் கதை அந்தப் பேர்லயே இருக்கு.

1996 வரைக்கும் நம்ம நாட்டுல தேசிய லீக்கே கிடையாது. டூரண்ட் கப், சந்தோஷ் டிராஃபி, ஃபெடரேஷன் கப்னு எல்லாமே கோப்பைப் போட்டிதான். தோத்தா பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குப் போயிடணும். புள்ளிப் பட்டியல் போட்டு மாசக்கணக்குல ஆடுறது 1996-97லதான் ஆரம்பிச்சுது.

முதல் வருஷம் ஜெயிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? கொல்கத்தாவோட பேர்போன கிளப் மோகன் பகான் இல்லை, அவங்க கடைசிச் சுற்றுக்கே வரலை. ஜே.சி.டி ஜெயிச்சுது. பஞ்சாப்ல பக்வாராங்கற ஊர்ல இருந்த துணி மில்லோட டீம். திருப்பூர் பனியன் கம்பெனி டீம் ஒண்ணு இந்தியா சாம்பியன் ஆனா எப்படி இருக்கும், அப்படி! அவங்க டீம்ல ஆடின பாய்ச்சுங் பூட்டியா அந்த சீசன்ல மட்டும் 14 கோல். அடுத்த வருஷம் அதிக கோல் அடிச்சது நம்ம தமிழ்நாட்டு ராமன் விஜயன், எஃப்.சி. கொச்சினுக்காக 10 கோல். ஐ.எம். விஜயனோட குழப்பிக்காதீங்க, அவர் கேரளாக்காரர்.

எனக்குப் பிடிச்சது 2001-02 சீசனோட கடைசி மேட்ச். கோவா, ஃபதோர்டா மைதானம். சொந்த ஊர்ல ஆடுற சர்ச்சில் பிரதர்ஸுக்கு டிரா ஆனாலே கப். மோகன் பகான் ஜெயிச்சே ஆகணும். அப்துல் சாலியு அடிச்ச ஒரே கோல்ல கப்பைத் தூக்கிட்டு கொல்கத்தா போயிட்டாங்க.

இவ்வளவு நல்லா இருந்தும் ஏன் நின்னுச்சு? மில்லு, பேங்க், கம்பெனி. இவங்க யாரும் டிக்கெட் வித்து டீம் நடத்தலை. வீரருக்கு உத்தியோகம் கொடுத்து, சம்பளத்தோட ஆட வச்சாங்க. ஊர் ஜனம் "இது நம்ம டீம்"னு வந்து உக்கார்றது கொல்கத்தா, கோவா மாதிரி சில இடத்துல மட்டும்தான். தொழில்முறையா நடத்தணும்னு 2007ல அதையே ஐ-லீக்னு மாத்தினாங்க. நின்னுச்சுன்னு சொல்றதை விட, சட்டையை மாத்துச்சுன்னு சொல்லலாம். நேஷனல் ஃபுட்பால் லீக்கோட கடைசி சாம்பியன் கோவா கிளப் டெம்போ. ஐ-லீக் முதல் சாம்பியனும் அதே டெம்போ!

ஆனா பேர் மாத்தினதும் கூட்டம் வந்துடுமா? 2005-06ல ஜெயிச்ச மஹிந்திரா யுனைடெட் 2010ல டீமைக் கலைச்சுட்டாங்க. மறுவருஷமே ஜே.சி.டி-யும், பார்க்க ஆளில்லைன்னு சொல்லி மூட்டை கட்டிடுச்சு. ஆமா, அந்த முதல் சாம்பியன்தான்.

சரி, அடுத்த கேள்வி...