175 டொலர் வாங்கின கதை

வணக்கம் மக்களே. வெளிச்சம் முகத்தில் விழட்டும் என்று இந்த ட்ரக்கை இப்போதுதான் யார்டின் மற்றப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினேன். பின்னால் கேட்கிற இரைச்சல் பக்கத்து ட்ரெய்லரின் குளிரூட்டி. அதை நிற்பாட்ட என்னால் முடியாது, உள்ளே கோழி இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். காசு வந்துவிட்டது. எந்தக் காசு என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். கடந்த மூன்று வீடியோவிலும் புலம்பினேனே, அந்த 175 டொலர். அமெரிக்க டொலர்!

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒஹாயோவில் ஒரு கிடங்கு. என் ஐந்து ட்ரக்கில் ஒன்றை ஓட்டுகிற மச்சான் அங்கே லோட் இறக்கப் போனான். நேரம் கொடுத்தது காலை 9:30. அவன் 9:12-க்கே கேட்டில் நிற்கிறான். டொக்கை, அதுதான் சரக்கு இறக்குகிற மேடையை, விட்டு வெளியே வந்தது பிற்பகல் 3:10. எங்கள் தொழிலில் முதல் இரண்டு மணித்தியாலம் காத்திருப்பு இலவசம் என்பது வழக்கம், அதற்குப் பிறகு மணிக்கு இவ்வளவு என்று, லோட் பிடித்துத் தருகிற புரோக்கர் தர வேண்டும். இந்த லோட்டுக்கு ஒப்பந்தத்தில் 50 டொலர். 11:30-இலிருந்து 3:10 வரை கணக்குப் பார்த்தால் மூன்றரைக்கு மேல். அரை மணிக்கு மேலே உள்ள பத்து நிமிடத்தை நானே விட்டுக்கொடுத்தேன். நல்ல மனுஷன்.

புரோக்கர் என்ன சொன்னார் தெரியுமா? உங்கள் டிரைவர் பிந்தித்தான் வந்தார், பேப்பரில் 11:05 என்று முத்திரை இருக்கிறது, ஆகவே ஒன்றும் கிடையாது என்றார். முத்திரை குத்தினவர் சாப்பிட்டு, கோப்பி குடித்து, ஆறுதலாக வந்து குத்தினால் அதற்கு நான் பொறுப்பா?

முன்பு என்றால் அத்துடன் முடிந்திருக்கும். மச்சான் சொல்வதை யார் நம்புவார்கள்? ஆனால் இப்போது ட்ரக்கில் அந்தப் பெட்டி இருக்கிறது. இ.எல்.டி., டிரைவரின் வேலை நேரத்தைத் தானாகவே பதிகிற மின்னணுப் பெட்டி. ஆமாம், 2017-இல் நான் திட்டித் தீர்த்த அதே பெட்டி. அந்த வீடியோவின் கீழே வந்து இப்போது சிரிக்காதீர்கள். எஞ்சின் நின்றால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நின்றது என்று அது தானாகவே எழுதிவைக்கும். கையால் எழுதுகிற வேலையே இல்லை. அந்தப் பதிவை எடுத்து, கிடங்கின் விலாசத்தையும் பக்கத்தில் போட்டு அனுப்பினேன். பதில் இல்லை. திரும்ப அனுப்பினேன். மொத்தம் ஆறு மின்னஞ்சல். ஆறாவதில் வணக்கம்கூடப் போடவில்லை. ஏழாம் நாள் காசு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஒரு ட்ரக்குக்கு இந்தப் பெட்டிக்கு நான் கட்டுகிற மாதச் சந்தா 35 டொலர். ஐந்து ட்ரக். பெருக்கிப் பாருங்கள். 175! ஒரு மாதச் சந்தாவை அந்தப் புரோக்கரே கட்டின மாதிரி. நான் கட்டுவது கனேடியக் காசு, வந்தது அமெரிக்கக் காசு, ஆகவே மிச்சமும் இருக்கிறது. அந்த மிச்சத்தில் யார்டுப் பெடியளுக்கு ஸ்காபரோவில் மட்டன் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சூடாக இருந்தது, ஆனால் மிளகு காணாது.

ஓ, முக்கியமானதை விட்டுவிட்டேன். அன்றைக்கு உண்மையான லாபம் அந்த 175 இல்லை. மச்சான் காலை 5:30-க்கு வேலை தொடங்கினவன். அமெரிக்கச் சட்டப்படி வேலை தொடங்கி 14 மணித்தியாலம் ஆனால் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. அதற்குள்ளேயும் ஓட்டம் 11 மணித்தியாலம்தான். டொக்கில் சும்மா இருந்தாலும் அந்த 14 ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு இந்தச் சட்டத்தில் பிடிக்காததே அதுதான், எத்தனை தடவை சொல்லிவிட்டேன். ஆக 3:10-க்கு அவனிடம் மிச்சம் 4 மணி 20 நிமிடம். அடுத்த லோட் ஏற்றுகிற இடத்துக்கு இரண்டு மணி ஓட்டம், ஏற்ற இன்னும் இரண்டு மணி. பிறகு நிறுத்த இடம் தேட வேண்டும். நடக்காது.

இதை நான் வீட்டில் சோபாவில் இருந்தபடி தொலைபேசியில் பார்க்கிறேன். யாருக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று ஐந்து ட்ரக்கும் ஒரே பக்கத்தில் வரும். எங்கள் இன்னொரு டிரைவர், ஐயா என்று நான் கூப்பிடுவேனே, மீசைக்காரர், அவர் பக்கத்தில்தான் வெறும் ட்ரெய்லருடன் நின்றார், ஏழு மணித்தியாலம் கையில் இருந்தது. "ஐயா, இதை நீங்கள் எடுக்கிறீங்களா?" என்றேன். எடுத்தார். முன்பு என்றால் மச்சானுக்குப் போன் அடித்து, "எவ்வளவு இருக்கு?" என்று கேட்டு, அவன் "பாத்துச் சமாளிப்பன்" என்பான். அந்தச் சமாளிப்பில்தான் தண்டம் வரும், அதைவிட மோசமாக நித்திரை வரும்.

காகித லொக், அதாவது வேலை நேரத்தைக் கையால் எழுதுகிற புத்தகம், அந்தக் காலத்தில் ஓடினவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் பழைய ட்ரக்குக்காரர்கள் அந்தப் புத்தகத்தைக் காமிக் புத்தகம் என்பார்கள். அவ்வளவு கற்பனை! இப்போது ட்ரக் மணிக்கு 5 மைலைத் தாண்டினாலே பெட்டி அதை ஓட்டம் என்று போட்டுவிடும். நிறுத்தி ஐந்து நிமிடம் ஆனால் "இன்னும் ஓட்டமா?" என்று கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் இல்லையென்றால் வேலையில் இருக்கிறார், ஓட்டவில்லை என்று தானே மாற்றிவிடும். முதலாளி நினைத்தாலும் ஓட்டின நேரத்தைக் குறைக்க முடியாது. வேறு பிழை திருத்துவதென்றால் நான் கேட்கலாம், டிரைவர் சம்மதிக்க வேண்டும், பழைய பதிவும் அழியாது. எனக்கு இது பிடிக்கும். ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் "கொஞ்சம் மாத்தி எழுது தம்பி" என்று சொல்கிற முதலாளிகளிடம் வேலை செய்தவன்.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். வயர்! போன மாதம் முழுக்க என் உயிரை எடுத்தது ஒரு வயர். பெட்டியை எஞ்சினின் கணினியுடன் இணைக்கிற ஒன்பது பின் சொக்கெட் எங்கே இருக்கிறது என்றால், டாஷ்போர்டின் கீழே, டிரைவர் கால் வைக்கிற இடத்தில். பனிக்காலச் சப்பாத்துடன் ஒரு ஆள் ஏறினால் முதலில் உதைபடுவது அதுதான். உதைபட்டால் பெட்டி கோளாறு என்று விளக்குப் போடும். உடனே காகித லொக்குக்கு மாற வேண்டும், அமெரிக்கச் சட்டப்படி எட்டு நாளுக்குள் திருத்த வேண்டும். மூன்று தடவை பெட்டிக் கம்பனிக்குப் போன் அடித்தேன். மூன்று தடவையும் "அண்பிளக் பண்ணிப் பிளக் பண்ணுங்கள்". அதற்கா நான் மாதம் 35 கட்டுகிறேன்? கடைசியில் எல்-வடிவத் தலை உள்ள வயர் ஒன்று 34 டொலருக்கு வாங்கி, பிளாஸ்டிக் பட்டியால் மேலே கட்டினேன். இதோ, கமெராவைக் கீழே காட்டுகிறேன். பாருங்கள் எவ்வளவு வடிவாக இருக்கிறது. ஐந்து ட்ரக்குக்கும் நானே கட்டினேன். அதற்குப் பிறகு ஒரு விளக்கும் வரவில்லை.

ஆனபடியால் வெற்று லொக் தாள்களை எறியாதீர்கள். எட்டு நாளுக்குப் போதுமானதாக ட்ரக்கில் இருக்க வேண்டும், அதுவும் அமெரிக்கச் சட்டம்தான்.

எல்லைக்கு இரண்டு பக்கமும் ஓடுகிறவர்களுக்கு ஒன்று. கனடாவில் 13 மணித்தியாலம் ஓடலாம், அமெரிக்காவில் 11. விண்ட்சர் பாலம் தாண்டுவதற்கு முன்பே அமெரிக்கக் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இங்கே 12 ஓடிவிட்டு அங்கே போய் இறங்கினால் இறங்கின நிமிடமே பிழை. பெட்டி வாங்கும்போதும் கவனம். கனடாவில் வேறொரு நிறுவனம் பரிசோதித்துச் சான்று கொடுத்த பெட்டிதான் செல்லும். அமெரிக்காவில் செய்கிறவர்களே தங்களுக்குச் சான்று கொடுத்துக்கொள்கிறார்கள். மாப்பிள்ளையே தனக்குக் குணச் சான்றிதழ் எழுதின மாதிரி! அதனால்தான் அங்கே அடிக்கடி ஏதாவது ஒரு பெட்டியை அரசுப் பட்டியலிலிருந்து தூக்குகிறார்கள். தூக்கினால் 60 நாளுக்குள் நீங்கள் வேறு வாங்க வேண்டும். மலிவு என்று ஓடாதீர்கள்.

எரிபொருள் வரி பற்றிப் போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எந்த மாநிலத்தில் எவ்வளவு ஓடினோம் என்று கொடுக்க வேண்டுமே, இஃப்டா. முன்பு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரசீதுக் குவியல், என் மனைவி, ஒரு கல்குலேட்டர், இரண்டு நாள் சண்டை. இப்போது தூரக் கணக்கு பெட்டியிலிருந்தே வருகிறது. இந்த வரிக் கணக்கைப் பெட்டி தர வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, இது கம்பனிக்காரர் அதோடு சேர்த்துத் தருவது. வாங்கும்போது இது இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சின் சும்மா ஓடுகிற கணக்கும் அப்படித்தான். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று லீற்றர் டீசல் போகிறது. மீசை ஐயாவின் கணக்கைப் பார்த்துத்தான் அவருக்குப் படுக்கைப் பக்கம் ஹீட்டர் பூட்டிக் கொடுத்தேன். ஏச்சுக்குப் பதிலாக ஹீட்டர். ஐயாவும் சந்தோஷம்.

கடைசியாக ஒரு கோபம். லொகின் பண்ணாமல் ட்ரக்கை அசைக்காதீர்கள்! போன கிழமை மெக்கானிக் பெடியன் ஒருவன் யார்டுக்குள் 17 நிமிடம் ஓட்டியிருக்கிறான். அது யாரென்று தெரியாத ஓட்டம் என்று தொங்கிக்கொண்டு நிற்கும், அடுத்து ஏறுகிற டிரைவரிடம் "இது நீயா?" என்று கேட்கும், பிறகு நாங்கள் விளக்கம் எழுத வேண்டும். என் மனைவிதான் இதெல்லாம் பார்க்கிறா. அந்தப் பெடியனுக்கு அவ கொடுத்த ஏச்சு...

ஒரு நிமிடம், மெசேஜ் வருகிறது. அவதான். "அஞ்சாம் நம்பர் ட்ரக்கை இப்ப யார் அசைச்சது?"

ஐயோ.