தெஹானோ இசையைக் கைவிட்டது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மெக்சிக வம்சாவளியினரைத் தெஹானோக்கள் என்பார்கள். அவர்களுடைய இசைக்கும் அதே பெயர்தான். ஜெர்மானியரும் செக் மக்களும் குடியேறியபோது கொண்டுவந்த பொத்தான் அக்கார்டியனும் போல்கா தாளமும், 12 தந்திகள் கொண்ட பாஹோ செக்ஸ்தோ என்ற மெக்சிகக் கித்தாரும் சேர்ந்து பிறந்த இசை இது. 1936இல் நார்சிசோ மார்த்தினெஸ் இசைத்தட்டுக்காக வாசித்தபோது, அக்கார்டியனின் இடக்கைப் பொத்தான்களைப் பெரும்பாலும் தொடவே இல்லை. தாளக்கட்டு முழுவதையும் சாந்தியாகோ அல்மெய்தாவின் பாஹோ செக்ஸ்தோவிடம் ஒப்படைத்துவிட்டு, வலக்கையால் மெட்டைத் துள்ளவிட்டார். கொன்ஹுந்தோ எனப்படும் சிறு குழுக்கள் இன்றும் அந்த வழியில்தான் வாசிக்கின்றன.

இந்த இசையை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்ததில் வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆரம்பத்தில் ஆங்கில நிலையங்கள், விளம்பரம் கிடைக்காத விடியற்காலை நேரத்தை ஸ்பானிய நிகழ்ச்சியாளர்களுக்கு விற்றுவந்தன. 1946இல் ரவுல் கோர்த்தெஸ் சான் அந்தோனியோ நகரில் கே.சி.ஓ.ஆர். நிலையத்தை 1350 அலைவரிசையில் தொடங்கினார். நாள் முழுதும் ஸ்பானிய மொழியில் பேசிய, அந்தச் சமூகத்தவரே உரிமையாளராக இருந்த முதல் அமெரிக்க நிலையம் அது.

1990களின் தொடக்கம் பொற்காலம். அதே நகரில் தெஹானோ பாடல்களையே ஒலிபரப்பிய கே.எக்ஸ்.டி.என். என்ற பண்பலை நிலையம், ஆங்கில நிலையங்களையும் முந்திக்கொண்டு முதலிடம் பிடித்தது. 1995 பிப்ரவரியில் தெஹானோ பாடகி செலினா பாடியபோது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 60,000 பேருக்கு மேல் திரண்டார்கள். அடுத்த மாதமே, 23 வயதில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

செலினாவோடு தெஹானோவும் போய்விட்டது என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இழப்பு பெரிதுதான். ஆனாலும் ஒரு பாடகி மறைந்ததால் மட்டும் ஓர் இசை வானொலியிலிருந்து விலகிவிடாது. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடெங்கும் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. குடும்பங்கள் நடத்திவந்த நிலையங்கள் பெருநிறுவனங்களின் கைக்குப் போயின. எந்தப் பாட்டைப் போடுவது என்பதை அந்த ஊரையே அறியாதவர்கள் முடிவுசெய்யத் தொடங்கினார்கள். மெக்சிகோவிலிருந்து புதிதாக வந்தவர்கள் தங்கள் நாட்டு இசை வகைகளான நோர்தேனோ, பாந்தா பாடல்களைக் கேட்டார்கள். ஸ்பானிய விளம்பரப் பணமும் அவர்களைத் தேடியே போனது. தெஹானோ நேயரோ வீட்டில் ஆங்கிலம் பேசுபவர். பாட்டை மட்டும் ஸ்பானியத்தில் கேட்பவர். ஸ்பானிய விளம்பரதாரரின் கணக்கிலும் அவர் இல்லை, ஆங்கில விளம்பரதாரரின் கணக்கிலும் இல்லை. இருந்த நேயரை இல்லாதவராக்கிய அந்தக் கணக்குதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

பின்னாளில் கே.எக்ஸ்.டி.என். நிலையத்தின் தெஹானோ ஒலிபரப்பு 107.5 பண்பலையிலிருந்து எடுக்கப்பட்டு, மத்திய அலைக்கு மாற்றப்பட்டது. அதற்குக் கிடைத்த இடம் 1350. ஆம், கோர்த்தெஸ் தொடங்கிய அதே அலைவரிசை. துல்லியமான பண்பலையைக் கேட்டுப் பழகிய காதுக்கு மத்திய அலையின் இரைச்சல் எளிதில் ஒத்துவராது. காரில் கேட்கும் இளைஞர் நிலையத்தை மாற்றிவிடுவார்.

ஆனாலும் இந்த இசை வேறு வழிகளில் மூச்சுவிடுகிறது. சான் அந்தோனியோவில் தாவிலா குடும்பம் கே.இ.டி.ஏ. என்ற நிலையத்தைப் பல்லாண்டு நடத்தியது. 'ரேடியோ ஹலபேன்யோ' என்பது அதன் செல்லப்பெயர். பாதி வாக்கியம் ஆங்கிலத்திலும் மீதி ஸ்பானியத்திலுமாகப் பேசும் அறிவிப்பாளர், யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி ஒரு போல்காவைப் போடுவார். வாழ்த்தப்படுபவர் இன்னார் என்று கேட்பவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இந்த நெருக்கத்தைத் தொலைவிலிருந்து அனுப்பப்படும் பாடல் பட்டியலால் தரமுடியாது. இப்போது அந்த வேலையை இணைய வானொலிகள் செய்கின்றன. வேலை தேடி டெக்சாஸை விட்டுச் சிகாகோவுக்கோ கலிபோர்னியாவுக்கோ போன குடும்பங்களும் கைப்பேசியிலேயே கேட்டுக்கொள்கின்றன. முன்பு இருந்த அலைபரப்பின் எல்லை அவர்களுக்கு இல்லை.

சான் அந்தோனியோவின் குவாதலூப்பே கலை மையம் 1982இல் தொடங்கிய தெஹானோ கொன்ஹுந்தோ விழா இன்றும் மக்களைக் கூட்டுகிறது. இளம் அக்கார்டியன் கலைஞர்களுக்காக டெக்சாஸ் ஃபோக்லைஃப் அமைப்பு தனிப் போட்டியே நடத்துகிறது. டெக்சாஸின் தென்கோடியில் உள்ள ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடங்களிலேயே கொன்ஹுந்தோ குழுக்கள் இருக்கின்றன. அங்கே பயிலும் பிள்ளைகளின் பாட்டைக் காலை நேரத்தில் ஒலிபரப்ப உள்ளூர்க்காரர் ஒருவர் நடத்தும் நிலையம் வேண்டும். அதற்கு உரிமம் கிடைக்க வழிசெய்வதுதான் இனி அங்கே நடக்கவேண்டிய வேலை.