விலை ஏறவில்லை, அளவுதான் இறங்கியது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கப் பெரியவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, என்னை அழைத்துவிட்டு இன்னும் உட்கார நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் செயலாளர் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்பு பேசிய பேராசிரியர் ஐயா மிச்சம் வைத்தது பத்து நிமிடம். அதில் ஒன்று வணக்கத்திலேயே போய்விட்டது.

லாபம் பெருக விலையை எப்படி வைக்கிறார்கள் என்பது தலைப்பு. நான்கு வழிகள் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்: அடக்க விலையோடு லாபம் சேர்ப்பது, புதுச் சரக்கை முதலில் உயர்ந்த விலைக்கு விற்றுப் பிறகு இறக்குவது, சந்தையைப் பிடிக்க மலிவாக நுழைவது, 100-ஐ 99 ஆக்கிக் காட்டுவது. நூறு ரூபாய்க்கு விற்றுப் பத்து ரூபாய் லாபம் பார்ப்பவர் விலையை 1 சதவீதம் ஏற்றி, விற்பனையும் குறையாவிட்டால், லாபம் 10 சதவீதம் கூடிவிடும். ஆசை வராதா? ஆனால் விலைச்சீட்டைத் தொட்டால் நாம் முகம் சுளிக்கிறோமே. அங்கேதான் அழைப்பிதழில் இல்லாத ஐந்தாவது வழி வருகிறது: விலையைத் தொடாமல் அளவைக் குறைப்பது.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். போடுகிறவருக்குச் சொன்னது. வாங்குகிறவருக்கும் அதுதான் என்று நான் சொல்லி வருகிறேன்.

எங்கள் வீட்டு ஷாம்பு கதையைக் கேளுங்கள். ஒருநாள் என் மனைவி, "இது சீக்கிரம் தீருதே, நீங்க கூடுதலா ஊத்துறீங்களா?" என்றாள். என் தலையைப் பாருங்கள், எனக்கு எதற்கு ஷாம்பு! அவள் விடவில்லை. கழுவி வைத்திருந்த பழைய பாட்டிலில் புதிய பாட்டிலைக் கவிழ்த்தாள். உயரம் ஒன்று, மூடி ஒன்று, விலையும் ஒன்று. கடைசிச் சொட்டு வரை வடிந்தும் கழுத்துக்கு இரண்டு விரல் கீழேயே நின்றுவிட்டது. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பழையதில் 200 மில்லி, புதியதில் 180. இடுப்பில் அழகுக்கு என்று நினைத்த பள்ளம், 20 மில்லியை விழுங்கிய பள்ளம். அளவு குறைந்தது 10 சதவீதம், ஒரு மில்லியின் விலை ஏறியதோ 11 சதவீதத்துக்கு மேல். "பாட்டிலுக்கு இடுப்பு வந்துச்சு, நமக்கு நஷ்டம் வந்துச்சு" என்றாள். ஒரு வாரம் வீட்டில் அவள்தான் நிதியமைச்சர்.

இதைத் தடுக்க முடியாதா? ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று காட்டச் சொல்லிச் சட்டம் போட்டது. பிரான்ஸில் 2024 ஜூலை முதல், அளவு குறைந்து விலை குறையாத பொருளுக்குப் பக்கத்திலேயே பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை அங்கே சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

வாங்குகிறவர்கள் நாங்கள் கேட்பது ஒன்றே: அலகு விலையை, அதாவது கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்பதை, பொருளின் விலைக்குச் சமமான எழுத்தில் போடுங்கள். பூதக்கண்ணாடி தேடும்படி வேண்டாம். வணிகர் சங்கத் தலைவர் தலையசைக்கிறார், நன்றி ஐயா, அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். சரி, அந்த நான்கு வழிகளை இன்னொரு மேடையில் வைத்துக்கொள்வோம். கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.