பந்தயம் முடிந்த பிறகும் எட்டு வருடம்: ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகள் எங்கே போகின்றன?

[காட்சி: நாயின் காது, மிக அருகில். உட்புறத்தில் பச்சை குத்திய எண்கள்.]

அமெரிக்காவில் பந்தயத்துக்காகப் பிறந்த ஒரு கிரேஹவுண்டின் வலது காது இது. உள்ளே 97சி என்று பச்சை குத்தியிருக்கிறார்கள். 9 என்றால் ஒன்பதாவது மாதம், 7 என்றால் 2017-ஆம் வருடம், சி என்றால் அந்த ஈற்றில் மூன்றாவது குட்டி என்று பொருள். இடது காதில் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும். அது அந்த ஈற்றின் பதிவு எண்.

நாய் தொலைந்துபோனால் கண்டுபிடிக்கலாமே என்று நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு இல்லை இது. சூதாட்டப் பணம் புழங்கும் இடத்தில் ஒரு நாயின் பெயரில் வேறு நாயை ஓடவிட்டு ஏமாற்றக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் இன்று அதே நாயை வீட்டுக்குக் கூட்டிவருபவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பதும் இந்தக் காதைத்தான். பிறந்த மாதம், தாய் தகப்பன், எத்தனை ஓட்டம், எதில் ஜெயித்தது, எல்லாவற்றையும் இந்த எண்ணை வைத்துத் தேடி எடுத்துவிடலாம்.

[காட்சி: நீள்வட்டப் பந்தயத் தடம், மேலிருந்து.]

கிரேஹவுண்ட், சலூக்கி, விப்பெட், ஆப்கான் ஹவுண்ட், ஸ்பெயினின் கால்கோ எல்லாம் ஒரே கூட்டம். மோப்பம் பிடித்துப் போகிற நாய்கள் இல்லை. கண்ணில் பட்டதைத் துரத்திப் பிடிக்கிற நாய்கள். நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு. கிரேஹவுண்ட் முழு வேகத்தில் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு காலும் தரையை விட்டு எழும்பும்.

1919-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், எமரிவில் என்ற ஊரில், ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் உயிருள்ள முயலுக்குப் பதில் இயந்திர முயலை ஓடவிட்டு வட்டப் பந்தயம் தொடங்கினார். 1926-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்தது. அடுத்த வருடமே அயர்லாந்து, ஆஸ்திரேலியா. ஒரு பந்தயம் முடிய ஏறக்குறைய அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குத்தான் இவ்வளவு நாய்.

இனி கணக்குக்கு வருவோம். இந்த வீடியோவில் ஒன்றே ஒன்று நினைவில் நின்றால் போதும் என்றால், அது இந்தக் கணக்காக இருக்கட்டும். ஒரு கிரேஹவுண்ட் ஒன்றரை வயதுவாக்கில் ஓடத் தொடங்குகிறது. மூன்று, நான்கு வயதில் பெரும்பாலானவை ஓய்ந்துவிடும். ஆனால் அதன் ஆயுள் சுமார் பன்னிரண்டு வருடம். மிச்சம் எட்டு வருடம். அந்த எட்டு வருடச் சோற்றை யார் போடுவது என்று இந்தத் தொழில் ஆரம்பத்தில் யோசிக்கவே இல்லை. இதில் ஓடவே லாயக்கில்லை என்று முதலிலேயே ஒதுக்கப்படும் குட்டிகள் தனி.

அயர்லாந்தில் பந்தயத் துறையே எழுதி வாங்கிய ஓர் அறிக்கை, வேகம் போதாததால் வருடத்துக்கு ஏறக்குறைய 6,000 நாய்கள் கொல்லப்படுவதாகச் சொன்னது. 2019-ல் அந்த நாட்டுப் பொதுத் தொலைக்காட்சி அதை வெளியே கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2016-ல் விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது; மாநில முதல்வர் மைக் பேர்ட் ஜூலையில் தடை என்றார், அக்டோபரில் பின்வாங்கினார். அரசியல் எந்த ஊரிலும் அரசியல்தானே.

[காட்சி: மக்காவ். அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு மைதானம்.]

தடம் மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, சீனாவின் சூதாட்ட நகரமான மக்காவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மக்காவில் கனிட்ரோம் என்றொரு பந்தயத் தடம் இருந்தது. 1963 முதல் தொடர்ந்து நடந்தது. நாய்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வந்தன. வந்த நாய் உயிரோடு வெளியே போவது அரிது. சொல்லிக்கொள்ளும்படி தத்துக் கொடுக்கும் ஏற்பாடும் இல்லை. தொடர்ந்து தோற்ற நாய்களுக்கு ஊசிதான். 2010-களின் தொடக்கத்தில் வந்த செய்திகள் மாதத்துக்குச் சுமார் 30 நாய் என்றன.

உள்ளூரில் அனிமா என்ற விலங்கு நல அமைப்பும் அதை நடத்திய அல்பானோ மார்ட்டின்ஸும் வருடக்கணக்கில் கத்தினார்கள். வெளிநாட்டு அமைப்புகள் வேறு வழியில் நெருக்கின: நாய்கள் வரும் பாதையை அடைப்பது. 2015 கடைசியில் குவாண்டாஸ் விமான நிறுவனம் ஆசியாவுக்குப் பந்தய நாய்களை ஏற்ற மாட்டோம் என்றது. புது நாய் வராவிட்டால் பந்தயம் எத்தனை நாள் ஓடும்? 2016-ல் மக்காவ் அரசு இரண்டு வருடக் கெடு வைத்தது: இடத்தைக் காலி செய், இல்லையென்றால் மூடு. 2018 ஜூலையில் மூடினார்கள்.

மூடிய அன்று கூண்டுகளுக்குள் 500-க்கும் மேற்பட்ட நாய்கள் இருந்தன. இரண்டு வருடம் கெடு இருந்தும் அவற்றுக்கு ஒரு திட்டமும் தயாராக இல்லை. கடைசியில் அரசே நாய்களைப் பொறுப்பில் எடுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் வந்த வேலை கேமராவுக்கு எடுபடாத வேலை. ஒவ்வொரு நாய்க்கும் கருத்தடை அறுவை சிகிச்சை. மைக்ரோசிப். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அதற்கான ரத்தப் பரிசோதனை. நாடு நாடாக வேறு வேறு தாள். முப்பது கிலோ நாய் நிற்கிற அளவுக்குப் பெட்டி, விமானத்தில் இடம், போய் இறங்கும் ஊரில் காத்திருக்கும் ஆள். இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, ஹாங்காங் என்று பிரித்து அனுப்பினார்கள். 2019-க்குள் அநேகமாக எல்லாமே போய்ச்சேர்ந்தன. பூட்டுப் போட ஒரு நாள் போதும்; இதற்குத்தான் மாதக்கணக்கு.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஃபுளோரிடாவில் 2018 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு. 69 சதவீதம் பேர் தடைக்கு ஓட்டுப் போட்டார்கள். நாட்டில் மிச்சமிருந்த 17 தடங்களில் 11 அங்கேதான். 2020 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். தத்துக் கொடுக்கும் குழுக்கள் 1980-களிலிருந்தே அங்கே வேரூன்றி இருந்ததால், நாய்கள் வர வர வீடுகள் கிடைத்தன. இன்று அங்கே நாயைவிட அதற்காகக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். அயர்லாந்திலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் நாய்களை வரவழைக்கிறார்கள்.

ஸ்பெயினில் சிக்கல் வேறு. அங்கே கால்கோ நாய்கள் முயல் வேட்டைக்கு. ஜனவரி கடைசியில் வேட்டைப் பருவம் முடிந்ததும் நெடுஞ்சாலை ஓரங்களில் எலும்பும் தோலுமாக அலைகிற கால்கோக்களைக் காப்பகங்கள் அள்ளிவர ஆரம்பிக்கும். 2023-ல் அந்த நாடு விலங்கு நலச் சட்டம் கொண்டுவந்தது. அதிலிருந்து வேட்டை நாய்களை விலக்கிவிட்டார்கள். யாருக்கு மிகவும் தேவையோ அவர்களை விட்டுவிட்டு ஒரு சட்டம்.

[காட்சி: வீட்டு வாசல். நாய் உள்ளே வரத் தயங்கி நிற்கிறது.]

சரி, நாய் வந்துவிட்டது. இனி?

ஹாஸ்டலிலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, வேலையும் பார்த்து, ஓய்வும் பெற்ற ஒருவரை முதல் முறையாக ஒரு குடும்பத்துக்குள் விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் இந்த நாய். ஆளைக் கண்டு பயமில்லை, கைபட வளர்ந்ததுதான். வீடு என்ற பொருள்தான் புதுசு.

மாடிப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயக் கொட்டிலில் படியே கிடையாது. மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடிய நாய் நான்கு படிக்கட்டு முன்னால் கால் நடுங்கி நிற்கும். தூக்கிக்கொண்டு போனால் அது எப்போதும் கற்றுக்கொள்ளாது, உங்கள் முதுகும் போகும். ஒருவர் முன்னால் கழுத்துப்பட்டையைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின்னால் குனிந்து, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி அடுத்த படியில் வைக்க வேண்டும். பிறகு மற்றொன்று. பிறகு பின்னங்கால். இடுப்பு பின்வாங்காதபடி உங்கள் உடம்பை அதன்மேல் சாய்த்துக்கொள்ளுங்கள். ஏறுவது சீக்கிரம் வந்துவிடும். இறங்குவதுதான் பாடு, பல நாய்கள் பாதியில் பொறுமை இழந்து மிச்சத்தை ஒரே தாவலில் தாண்டப் பார்க்கும்.

கண்ணாடிக் கதவும் அப்படித்தான். அதன் மூக்கு உயரத்தில் பேப்பர் டேப் ஒட்டிவையுங்கள். பளபளக்கும் டைல்ஸ் தரையில் கால் வழுக்கும் என்று நடு ஹாலில் சிலைபோல நின்றுவிடும். பாய், மிதியடி எதையாவது பாதைபோலப் போட்டால் நடக்கும்.

தூக்கத்தில்தான் பெரும்பாலான விபத்துகள். பல கிரேஹவுண்டுகள் கண்ணைப் பாதி திறந்தபடி தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தை போய்க் கட்டிப்பிடிக்கும். நாய் திடுக்கிட்டுக் கடிக்கப் பாயும். கொட்டிலில் அதற்கென்று தனிக் கூண்டு, தூங்கும்போது யாரும் தொட்டதே இல்லை. அதனால் வீட்டில் ஒரே விதி: தொடும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடு. இது தெரியாமல் எத்தனையோ நல்ல நாய்களைக் கடிநாய் என்று பட்டம் கட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

[காட்சி: வாய்க்கூடு அணிந்த நாய். எதிரே ஒருவர் மடியில் பூனை.]

தத்துக் கொடுக்கும் முன் நடக்கும் பூனைச் சோதனை இது. நாய்க்கு வாய்க்கூடு, கையில் பட்டை. பூனையைக் கொஞ்ச தூரத்தில் காட்டுவார்கள். நாய் பார்த்துவிட்டு, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்பதைத்தான் கவனிப்பார்கள். இமைக்காமல் முறைத்து, உடம்பு விறைத்து, பல் நடுங்கி, கூப்பிட்ட குரலே காதில் விழாமல் நின்றால் அந்த நாய்க்குப் பூனை இல்லாத வீடுதான். தேறிய நாயும் வீட்டுக்குள்தான் தேறியது. அதே பூனை தோட்டத்தில் ஓடினால் அது பழையபடி முயல்.

வாய்க்கூட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கூட்டமாக ஓடவிடும்போது ஒன்றையொன்று கீறிக்கொள்ளாமல் இருக்க வழக்கமாகப் போடுவது. தோல் அவ்வளவு மெல்லிசு. ஆஸ்திரேலியாவில் வீட்டில் வளரும் கிரேஹவுண்டுக்கும் தெருவில் இது கட்டாயமாக இருந்தது. விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் 2019-ல்தான் நீக்கின.

கழுத்துப்பட்டை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இந்த நாய்களுக்குத் தலையைவிடக் கழுத்து தடிமன். சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்து உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் அளவாக இறுகும் அகலமான பட்டை வேண்டும். நீண்டு சுருங்கும் கயிறு வேண்டவே வேண்டாம். சில பாய்ச்சலில் முழு வேகம் எடுக்கும் நாய், கயிறு முடியும் இடத்தில் கழுத்தை முறித்துக்கொள்ளலாம்.

[காட்சி: கால்நடை மருத்துவமனை. மேசையில் ரத்தப் பரிசோதனைத் தாள்.]

மருத்துவரிடம் போகும்போது உங்களுக்கே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாயின் ரத்தத்தில் சிவப்பணு மற்ற நாய்களைவிட அதிகம், தைராய்டு அளவு இயல்பாகவே குறைவு. தாளை மட்டும் பார்த்தால் நோய் என்று மாத்திரை எழுதத் தோன்றும். மயக்க மருந்தில் தயோபென்டால் போன்ற சில, உடம்பில் கொழுப்பு குறைவாக இருப்பதாலும் கல்லீரல் மெதுவாகச் சிதைப்பதாலும் இதற்கு நெடுநேரம் தெளியாது. அறுவை சிகிச்சைக்கு முன் இது கிரேஹவுண்ட் என்பதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள். நொண்டினால் வலது பின்னங்காலின் குதிகால் மூட்டை முதலில் பாருங்கள். பந்தயம் எப்போதும் இடப்பக்கமாகவே வளைவதால், வளைவில் மொத்த எடையும் அந்த மூட்டில்தான் இறங்கும். பழைய முறிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

[காட்சி: கரிசல் காடு. சிப்பிப்பாறை நாய் ஒன்று.]

நம் ஊரிலும் இதே உடல்வாகுள்ள நாய்கள் உண்டு: சிப்பிப்பாறை, கன்னி. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் முயல் வேட்டைக்கு வளர்ந்தவை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை குற்றம். நாட்டு நாய் மோகத்தில் இப்போது நகரத்து அடுக்குமாடிக்கும் வந்துவிட்டன. குட்டியாக இருக்கும்போது பெருமை; ஒரு வயதில் துரத்தலும் தாவலும் தொடங்கியதும், யாராவது எடுத்துக்கொள்வீர்களா என்று வாட்ஸ்அப்பில் போட்டோ சுற்றும்.

அப்படி ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் மேலே சொன்னதில் பாதி இதற்கும் பொருந்தும்: பட்டை, பூனை, மெல்லிய தோல். கூடுதலாக ஒன்று. பந்தய கிரேஹவுண்ட் பெரும்பாலும் சோபாவில் கிடக்கும் சோம்பேறி. இது அப்படியில்லை, வீட்டைக் காக்கும், புது ஆளிடம் எளிதில் ஒட்டாது. முதல் வாரம் விருந்தாளிகளைக் கூப்பிடாதீர்கள். இடுப்பளவு காம்பவுண்ட் சுவரை நம்பி அவிழ்த்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்த அன்றே, சோறு வைக்கும் முன்பே, கழுத்துப்பட்டையில் அழியாத மையில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள்.