தேனீயாகப் பறந்த மருந்து

அவையோருக்கு வணக்கம். பயண அனுபவம் பேசத்தான் என்னை அழைத்தீர்கள். ஆனால் நான் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்: மருந்து. நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்து. வெடிமருந்து என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். சீனர்களும் அப்படியே சொல்கிறார்கள். அவர்கள் மொழியில் அதன் பெயர் ‘ஹுவோ யாவ்’. ஹுவோ என்றால் நெருப்பு, யாவ் என்றால் மருந்து.

இது தற்செயலாக வைத்த பெயர் இல்லை. சாகாமல் இருக்க வழி தேடிய, தாவோயிசம் என்ற சீனச் சமயத்தைச் சேர்ந்த ரசவாதிகள்தான் வெடிமருந்தில் தடுக்கி விழுந்தவர்கள். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அவர்களுடைய நூல் ஒன்றில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கந்தகம், மனோசிலை என்ற செந்நிறத் தாது, வெடியுப்பு மூன்றையும் தேனோடு சேர்த்துக் காய்ச்சியவர்களுக்குக் கையும் முகமும் வெந்து, வீடே எரிந்துபோனதாம். போகர் கதை கேட்டு வளர்ந்த உங்களுக்கு இந்த அடுப்படி புதிதாக இருக்காது.

அந்த நெருப்பு மருந்தை ஓர் ஊரே சேர்ந்து நோய்க்குக் கொடுத்த இடத்துக்குத்தான் நான் போனேன். தைவானின் தென்மேற்கே, தைனான் மாநகரைச் சேர்ந்த யென்ஷுய். பெயருக்குப் பொருள் உப்புநீர். சின்யிங் ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் போக வேண்டும். இன்று அமைதியான சிற்றூர், அன்று துறைமுகம். பிறை வடிவில் நீர் சூழ்ந்திருந்ததால் ‘யுவேஜின்’, அதாவது நிலாத்துறை, என்று பெயர் பெற்றிருந்தது. தைவானின் பெரிய ஊர்களை வரிசையாகச் சொல்லும் பழமொழியில் தைனான், லூகாங், மெங்ஜியாவுக்கு அடுத்து நான்காவது இடம் இதற்குத்தான். பிறகு துறையில் மண் மேடிட்டது, கப்பல்கள் வராமல் போயின.

ஊரின் நடுவே வூ மியாவ், வீரர் கோயில். 1668இல் தோன்றியது என்பது கோயில் மரபு. உள்ளே இருப்பவர் குவான் யூ. மூன்று அரசுகள் மோதிக்கொண்ட காலத்துச் சீனத் தளபதி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பகைவரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டவர். சிவந்த முகம், மார்பில் புரளும் தாடி, கையில் பிறைவாள். சொன்ன சொல் தவறாதவர் என்பதற்காகவே மக்கள் அவரைத் தெய்வமாக்கினார்கள். வியாபாரிகளும் கும்பிடுகிறார்கள், போலீஸ்காரர்களும் கும்பிடுகிறார்கள்.

1885ஆம் ஆண்டளவில் ஊரில் கொள்ளைநோய் பரவியது, காலரா என்கிறார்கள். போக்கிடம் இல்லாத மக்கள் தளபதியைப் பல்லக்கில் ஏற்றி, சீனப் புத்தாண்டின் முதல் பௌர்ணமி இரவில் தெருத் தெருவாக எடுத்துப் போய், வழியெல்லாம் வெடி கொளுத்தினார்கள். நோய் அடங்கியது என்பது ஊர் நம்பிக்கை. கந்தகப் புகை கிருமியைக் கொன்றிருக்கும் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. நான் ஏற்கவில்லை. காலரா தண்ணீரில் வருவது. தெருவில் எழுந்த புகை கிணற்றுக்குள் இறங்கி என்ன செய்யும்? காலராக் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் இனங்கண்டு அறிவித்ததே 1884இல்தான். அந்தச் செய்தி யென்ஷுய்க்கு எட்டியிருக்க வழியில்லை. அவர்கள் கையில் இருந்த மருந்து இது ஒன்றுதான். பயத்துக்கு அது கேட்டிருக்கும்.

பெரும்பாலும் நமக்குத் தைப்பூசமோ மாசி மகமோ வரும் அதே பௌர்ணமிதான். விழாவின் பெயர் ‘ஃபெங் பாவ்’, தேனீ வெடி. ஆள் உயரச் சட்டங்களில் ஆயிரக்கணக்கான வாண வெடிகளைத் தேன்கூட்டின் அறைகளைப் போல நெருக்கி அடுக்கியிருப்பார்கள். அதற்கு வெடிக்கோட்டை என்று பெயர். நம் ஊர் வாணம் வானத்தைப் பார்க்கும். இது ஆளைப் பார்க்கும். பல்லக்கு எதிரே வந்து நிற்கும். திரியில் நெருப்பு வைத்ததும் கூடு கலைகிறது. வெடிச் சத்தத்துக்கு முன்னால் ஒரு ரீங்காரம் வருகிறதே, அதைக் கேட்டபோதுதான் பெயர் விளங்கியது.

முகம் மூடிய ஹெல்மெட், கழுத்தைச் சுற்றித் துண்டு, கையுறை, தடித்த பருத்தி உடை. நைலான் கூடாது, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உடையில் வெடி சிக்கிவிடாமல் இருக்க நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருக்க வேண்டும். அடி அதிகம் பட்டால் அந்த ஆண்டு அதிர்ஷ்டம் அதிகம் என்பது நம்பிக்கை. நான் மூன்றாவது கோட்டையோடு அதிர்ஷ்டம் போதும் என்று ஒதுங்கிவிட்டேன். பல்லக்குத் தூக்குகிறவர்கள் ஒதுங்கவில்லை. அவர்களும் ஆடினார்கள், தோளில் பல்லக்கும் ஆடியது.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். நோயை விரட்டப் பிறந்த இந்த விழாவைக் கொரோனாக் காலத்தில் நிறுத்திவைத்தார்கள். 2023இல்தான் மறுபடி வெடித்தது.

விழாவுக்கு முன்பு உள்ளூர் நண்பர் ஒருவர் வெடிப் பெட்டியில் இருந்த ‘யாவ்’ என்ற எழுத்தைக் காட்டி, என் உள்ளங்கையில் விரலால் எழுதிச் சொல்லிக்கொடுத்திருந்தார். மேலே புல், கீழே சிக்கலான கோடுகள். மறுநாள் காலை தெருவெங்கும் குச்சிகளும் கருகிய காகிதமும் கிடந்தன. துண்டு விலகிய இடத்தில் கழுத்தில் சிறிய தீக்காயம். களிம்பு வாங்கக் கடை தேடிப் போனேன். மொழி தெரியாத ஊரில் பெயர்ப் பலகையை எப்படிப் படிப்பது என்று தயங்கி நின்றபோது, எதிர்ச் சாரியில் ஒரு பலகை. இரண்டே எழுத்து. முதல் எழுத்து எனக்குத் தெரிந்திருந்தது.