மூக்குக்குள் வெளிச்சம் காட்டினால் தும்மல் நிற்குமா?

(திரையில்: இருட்டு அறை. மூக்கோரம் சிவப்பாக எரியும் ஒரு சின்னக் கருவி.)

வணக்கம். பள்ளிக்கரணையில் இருக்கும் என் அக்கா போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மூக்கின் இரண்டு துளைகளிலும் சின்ன பல்பைச் செருகிக்கொண்டு ஒருவர் சிரிக்கிறார். கீழே ஒரே ஒரு வரி: "இதை வாங்கலாமாடா?"

அக்காவுக்குப் பத்து வருடத் தொல்லை இது. காலையில் கண் விழித்ததும் வரிசையாகத் தும்மல், அப்புறம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி மூக்கு ஒழுகும், சமையல் முடிவதற்குள் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். நாம் எல்லோரும் இதைச் 'சைனஸ்' என்றுதான் சொல்கிறோம். பெரும்பாலும் இது சைனஸ் இல்லை, மூக்கு ஒவ்வாமை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அதனால்தான் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

(திரையில்: மூக்கின் உள்சவ்வு, வரைபடமாக.)

உள்ளே நடப்பது இதுதான். மெத்தையில், தலையணையில், சோபாவில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் வாழ்கின்றன. அவற்றின் கழிவு மூக்குக்குள் போனதும், உடம்பு அதை எதிரி என்று தவறாக நினைத்துக்கொள்கிறது. மாஸ்ட் செல் என்ற அணுக்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அரிப்பும் தும்மலும் ஒழுகலும் அதனால் வருபவை. சில மணி நேரம் கழித்து ஈசினோஃபில் போன்ற வேறு அணுக்கள் வந்து கூடி, சவ்வை வீங்க வைக்கின்றன. அடைப்பு நாள் முழுக்க நீடிப்பது அந்த வீக்கத்தால்தான். இந்தப் பூச்சிகள் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கின்றன. சென்னைக் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை? இது போதாதென்று ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காத்துப் பூஞ்சை வேறு பூக்கும்.

சரி, இதில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

ஒளியை மருந்தாக்குவது புதிதே இல்லை. தோலில் வரும் ஒரு வகைக் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சோரியாசிஸுக்குப் புற ஊதா ஒளி கொடுப்பதும் பழைய வழக்கம்தான், தோலில் வரம்பு மீறி வேலை செய்யும் எதிர்ப்பு அணுக்களை அது அடக்கிவைக்கிறது. தோலில் நடப்பது மூக்குச் சவ்வில் ஏன் நடக்காது என்று ஹங்கேரியில் செகெட் நகரத்து மருத்துவர்கள் யோசித்தார்கள்.

2005இல் அவர்களுடைய ஆய்வு வெளியானது. 49 பேர், எல்லோருக்கும் ராக்வீட் என்ற களையின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாது. நம் காலி மனைகளில் வளரும் பார்த்தீனியத்துக்கு நெருங்கிய சொந்தம் அந்தச் செடி. ஒரு பிரிவினருக்குப் புற ஊதாவும் சாதாரண வெளிச்சமும் கலந்த ஒளியை வாரத்துக்கு 3 தடவை என்று 3 வாரம் மூக்குக்குள் செலுத்தினார்கள். மற்றவர்களுக்கு வெறும் மங்கலான வெளிச்சம் மட்டும். முதல் பிரிவில் தும்மல், ஒழுகல், அரிப்பு மூன்றும் நன்றாகக் குறைந்தன. அடைப்பு லேசாகத்தான் குறைந்தது. அக்காவைப் பாடாய்ப்படுத்துவதே அந்த அடைப்புதான்!

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ராக்வீட் மகரந்தம் ஒரு பருவத்தில் வரும், சில வாரங்களில் அடங்கிவிடும். அந்தக் காலத்தைக் கடக்க 3 வார ஒளி உதவும் என்றால் நியாயமாகத்தான் இருக்கிறது. நம் மெத்தைப் பூச்சிக்குப் பருவம் ஏது? வருடம் முழுக்க அங்கேயேதான் இருக்கும். அப்படியானால் வருடம் முழுக்கப் புற ஊதா காட்டிக்கொண்டே இருப்பதா? எனக்கு இதில் பயம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. புற ஊதா ஒளி அணுக்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். அந்தச் சேதத்தைச் சவ்வு சில நாட்களில் சரிசெய்துகொள்கிறது என்று அதே குழுவினர் பின்னால் காட்டினார்கள், அது நல்ல செய்திதான். ஆனாலும் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பக் காட்டுவது வேறு விஷயம். மூக்கு வறண்டுபோவது சாதாரணமாக வரும் பக்கவிளைவு. எனவே இதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் செய்தால் செய்துகொள்ளுங்கள். கொரோனா நேரத்தில் கிருமி கொல்ல வாங்கிய புற ஊதா விளக்கு வீட்டில் கிடந்தால், அதைத் தயவுசெய்து முகத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

(திரையில்: மறுபடியும் அக்கா அனுப்பிய படம்.)

அக்கா காட்டியது இந்த வகை இல்லை. அது சிவப்பு ஒளி, அதில் புற ஊதா கிடையாது. 1997இல் இஸ்ரேல் மருத்துவர்கள் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியைத் தினம் 3 வேளை, 14 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வாமை உள்ளவர்களில் 72 சதவீதம் பேர் நன்றாகக் குறைந்தது என்றார்கள். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சிகிச்சை எதுவும் தராத போலிக் கருவி வைத்தவர்களிலும் 24 சதவீதம் பேர் அதையேதான் சொன்னார்கள். நான்கில் ஒருவர்! "நான் வாங்கினேன், சரியாகிவிட்டது" என்று விளம்பரத்துக்குக் கீழே ஒருவர் எழுதினால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அந்த நான்கில் ஒருவராக அவர் இருக்கலாம், அல்லது தொல்லை தானாகவே தணிகிற வாரத்தில் வாங்கியிருக்கலாம்.

அக்காவுக்கு போன் போட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்ப்ரே என்ன ஆயிற்று என்று கேட்டேன். அடைத்தால் மட்டும் அடிப்பாளாம், அதுவும் தலையை அண்ணாந்து, பலமாக உறிஞ்சி. அப்படி அடித்தால் மருந்து தொண்டைக்குள் போய்விடும், மூக்கில் தங்கவே தங்காது. தலையை லேசாகக் குனிந்துகொண்டு, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டின் பக்கம் இல்லாமல் காதுப் பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். மெதுவாக மூச்சிழுத்தால் போதும். தினமும் அடிக்க வேண்டும், முழுப் பலன் தெரிய 2 வாரம்கூட ஆகும். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறோம், ஆனால் இதில் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. நிஜமாகவே பயப்பட வேண்டியது, உடனே அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்துக்குத்தான். அதை 5 நாளுக்கு மேல் விட்டால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். அக்கா அதை மாதக்கணக்கில் விட்டிருக்கிறாள்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லதுதான், ஆனால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது.

கருவியை அக்கா இன்னும் வாங்கவில்லை. சொட்டு மருந்தை நிறுத்திவிட்டாள், போர்வையையும் தலையணை உறையையும் சுடுநீரில் துவைத்துவிட்டாள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொள்ளத் தோல் பரிசோதனைக்கும் நேரம் வாங்கிவிட்டாள். ஸ்ப்ரேயை 14 நாள் விடாமல் அடித்துப் பார்க்கிறேன் என்றாள். இன்று 6ஆம் நாள். அடைப்பு அப்படியேதான் இருக்கிறதாம். 15ஆம் நாள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு, அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.