பிரேக் பிடிக்கத் தெரிந்த பையன்

நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் பந்தயம் பற்றிப் பேச வருமாறு நிலையத்தார் அழைத்தபோது, ஓடுகிறவனை விட்டுவிட்டு அவனுடைய வண்டிக்கு ஒயில் மாற்றுகிறவனைக் கூப்பிடுகிறார்களே என்று நான் சற்றுத் தயங்கினேன். திருகோணமலை – நிலாவெளி வீதியில் 35 ஆண்டுகளாகக் கராஜ் நடத்தி வருகிறேன். பந்தயத் தடத்தில் ஒரு சுற்றுக்கூட ஓடியவனல்லன். ஆனால் சல்லிக் கடற்கரை மணலில் வண்டி பழகிய என் தங்கையின் மகன், இன்று 19 வயதில், தேசிய மட்ட மண்தடப் பந்தயங்களில், அதாவது மோட்டோகுரொஸ் என்று சொல்லப்படும் போட்டிகளில் ஓடுகிறான். வானொலியில் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவன் என்னிடம் உறுதி வாங்கியிருப்பதால், இந்த உரை முழுவதும் அவன் எனக்கு மருமகன் மட்டுமே.

அவனுடைய தகப்பனார் சல்லியில் சிறு படகு வைத்திருப்பவர். விடியற்காலையில் கரைக்கு வரும் மீனைத் தெருவில் காத்திருக்கும் வியாபாரியிடம் சேர்ப்பதற்கு அவர்களிடம் இருந்தது ஒரு பழைய ஹொண்டா சாலி, 70 சி.சி. வண்டி. பின்னால் மீன்பெட்டி, முன்னால் மருமகன். எட்டு வயதில் தகப்பனாரின் இரண்டு கைகளுக்கும் நடுவே நின்றபடி ஹாண்டிலைப் பிடித்தவன், பதினொரு வயதில், கால் நிலத்தில் எட்டத் தொடங்கியதும், கரையோரத்தில் மட்டும் தனியாக ஓட்டினான். அந்த வயதுப் பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் மழுப்புவதில்லை. கடற்கரைக்குக் கொடுத்தோம், தெருவுக்குக் கொடுக்கவில்லை. மீன் இறக்கி முடிந்ததும் சாலியின் சாவி என் கராஜுக்கு வந்து ஆணியில் தொங்கிவிடும்.

கடற்கரை மணல் எல்லாம் ஒரே மணல் என்று நினைக்கக் கூடாது. அலை வந்து திரும்பும் ஈரக்கரை தார் வீதியைப் போல இறுகிக் கிடக்கும்; அங்கிருந்து பத்து முழம் மேலே ஏறினால் காய்ந்த மணல் சக்கரத்தை விளிம்புவரை விழுங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த மணல் இன்னும் இளகும்; மாரியில் கடல் கரையை அரித்துச் சென்றபின் நேற்று ஓடிய வழி இன்று படிக்கட்டாக இருக்கும். காய்ந்த மணலில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் புதைந்து, ஹாண்டில் மடங்கி, ஓட்டியவன் மீன்பெட்டியுடன் கவிழ்வான். அப்படிக் கொட்டிய சூடைமீனை மணல் போகக் கழுவிய நாள்கள் பல உண்டு. அந்த நாள்களில் தகப்பனார் பேசிய பேச்சை வானொலியில் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மணல்தான் மருமகனுக்கு முதல் பயிற்றுநர். வேகம் குறைவதற்கு மணலே போதுமானது, அக்சிலேட்டரைச் சற்று முந்தி விட்டாற் போதும் என்பதையும், உடலின் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் முன்சக்கரம் மிதந்து செல்லும் என்பதையும், கண்ணைச் சக்கரத்தடியில் வைத்தால் விழுவோம், இருபது முப்பது அடி தள்ளி வைத்தால் வண்டி அங்கே போகும் என்பதையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவன் உடம்பு கற்றுக்கொண்டது. பின்னாளில் ஒரு பயிற்சி முகாமில் இவற்றையே பாடமாகச் சொன்னபோது, இதற்கெல்லாம் பெயர் இருக்கிறதா மாமா என்று கேட்டான்.

பதின்மூன்று வயதில், பாடசாலை முடிந்த பின்நேரங்களில் கராஜுக்கு வரத் தொடங்கினான். ஓட்டத் தரவில்லை; மண்ணெண்ணெயில் செயின் கழுவும் வேலையைக் கொடுத்தேன். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரி வரை அந்தத் தடை நீடித்தது. புதிய வண்டி வராத அந்த ஐந்தாண்டில் நாட்டிலிருந்த கிழட்டு வண்டிகளுக்கெல்லாம் எங்களைப் போன்றவர்களே உயிர்கொடுத்தோம். மூன்று வண்டிகளைப் பிரித்து ஒரு வண்டி செய்வதும், தேய்ந்த பிஸ்டனைக் கையில் உருட்டிப் பார்த்து எந்தப் பக்கம் உரசியது என்று சொல்வதும் அவனுக்கு அந்தக் காலத்தில் வந்தவை. இப்போது அவன் ஓடும் பந்தய வண்டியும் அப்படித்தான் பிறந்தது: சட்டகம் ஒன்று, எஞ்சின் இன்னொன்று. 2022இல் பெற்றோல் வரிசை வந்தது. பெற்றோலைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் அட்டைமுறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அதுவும் மீனுக்கே போதாது. அந்த மாதங்களில் அவன் பழகியது துவிச்சக்கர வண்டியில். காலையில் நிலாவெளி வரை மிதித்துப் போய்த் திரும்புவதை நான் வேடிக்கையாகவே பார்த்தேன். மண்தடத்தில் ஓடுகிறவனின் இதயம் நிமிடத்துக்கு 180 தடவைக்கு மேல் துடிக்கும் என்பதையும், முன்கைத் தசை இறுகி வீங்கினால் பிரேக் பிடிக்க விரல் வராது என்பதையும் பிறகுதான் அறிந்தேன். உலகச் சாம்பியன் போட்டிகளில் ஓர் ஓட்டம் 30 நிமிடமும் அதற்குமேல் 2 சுற்றும் நீளும். ஒரே நாளில் அப்படி இரண்டு ஓட்டங்கள். எஞ்சின்தானே ஓடுகிறது, இவர்களுக்கு என்ன களைப்பு என்று கேட்கிறவர்கள் ஒருமுறை உழுத வயலில் நின்றபடி வண்டி ஓட்டிப் பார்க்கலாம்.

மருமகனைப் பற்றிச் சொல்லும்போது நான் திரும்பத் திரும்பப் பிரேக்குக்கே வருவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீதியில் இரவானதும் எஞ்சினை அலறவிட்டுக்கொண்டு பறக்கும் பிள்ளைகளின் வண்டிகளும் என்னிடமே திருத்த வருகின்றன. சைலன்சரைக் கழற்றியிருப்பார்கள், கண்ணாடியைக் கழற்றியிருப்பார்கள். பிரேக் கட்டையைப் பார்த்தால் உலோகம் தெரியும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிறவன் ஆபத்தைக் கண்டு கை அசைக்கும் ஒரு விநாடிக்குள் வண்டி ஏறத்தாழ 17 மீற்றர் போய்விடும். பிரேக்கின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. திருகோணமலை நகரத்தில் புள்ளிமான்கள் கோட்டைப் பக்கத்திலிருந்து தெருவுக்கு இறங்கி உலாவுவதை நேயர்கள் அறிவீர்கள். மான் எங்கே நிற்கும், எப்போது பாயும் என்பதற்கு மஞ்சள் கோடு கிடையாது. தெருவில் பறக்கிறவனைப் பந்தயக்காரன் என்று புகழ்கிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். தடத்தில் எதிரே வாகனம் வராது, மாடு படுக்காது, ஒவ்வொரு வளைவிலும் கொடியுடன் ஒருவர் நிற்பார். அப்படியிருந்தும் அங்கே ஓடுகிறவன் அரை நாளைப் பிரேக் சோதிப்பதில் செலவிடுகிறான்.

இந்த நாட்டின் பந்தய மரபு சிறியதல்ல. நுவரெலியாவில், மலைப்பாதையில் வண்டியோட்டி ஏறும் மகாகஸ்தோட்டைப் போட்டி 1934இல் தொடங்கியது. களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்தைத் தடம் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் அமைந்தது. மண்தடம் என்று வந்தால் தியத்தலாவையின் போக்ஸ் ஹில்லையும் அநுராதபுரத்தில் சாலியபுரத்துக் கஜபா தடத்தையும் சொல்ல வேண்டும். போக்ஸ் என்றால் நரி; அந்தப் பெயருடைய பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் குன்றின் சரிவில் நரியுருவம் பொறித்ததால் போக்ஸ் ஹில்லுக்கு வந்த பெயர் அது. கடற்படைத் துறைமுகத்தில் பிறந்த எங்களுக்கு, மலைநாட்டுக் குன்றொன்று கப்பலின் பெயரைச் சுமந்து நிற்பது ஒரு சிறு வேடிக்கை. இவற்றில் எங்களுக்கு மிகக் கிட்டிய சாலியபுரமே 100 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. கொழும்புக்கு அண்மையில் இருக்கிற பையன் பந்தயத்துக்கு முன் பத்துத் தடவை தடத்தைப் பார்த்துவிடுவான். எங்கள் பையன் போட்டி நாளன்றுதான் பார்க்கிறான்.

முதல் போட்டிக்குப் போனது 2023இல். எந்த ஊரில் என்று சொல்லப் போவதில்லை, காரணம் சற்றுப் பொறுத்தால் விளங்கும். முதல் நாள் இரவு பட்டா எனப்படும் சிறு லொறியொன்றில் வண்டியை ஏற்றி, ஹபரணைக் காட்டில் யானைக்காக ஒரு மணிநேரம் காத்திருந்து, விடியுமுன் போய்ச் சேர்ந்தோம். ஓடுவதற்கு முன் வண்டியைப் பரிசோதிப்பார்கள். அக்சிலேட்டரை விட்டவுடன் அது தானாகத் திரும்புகிறதா, எஞ்சினை நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா, கால்மிதி மடங்குகிறதா, தலைக்கவசத்தில் வெடிப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவந்த அலுவலர், எங்கள் கிளட்ச் நெம்பின் நுனியைத் தொட்டுவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பினார். நுனியில் இருக்க வேண்டிய உருண்டை எப்போதோ உடைந்திருந்தது. சர்வதேச விதிப்படி அது குறைந்தது 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டையாக இருக்க வேண்டும். விழும்போது கூர்நுனி உடம்பில் ஏறாமல் இருப்பதற்காக. இத்தனை ஆண்டு கராஜ் நடத்திய எனக்கு அது கண்ணில் படவில்லை என்பதை வெட்கத்துடன் சொல்கிறேன். குருநாகலிலிருந்து வந்த ஒரு போட்டியாளனின் மெக்கானிக், மாற்றுக்கு வைத்திருந்த தன் நெம்பைக் கழற்றித் தந்தார். போட்டி விளக்கம் முழுவதும் சிங்களத்திலேயே நடந்தது. மருமகனுக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அந்த வேகத்தில் தெரியாது. தமிழில் ஒரு தாள் அச்சிட்டுத் தந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை என்பது என் குறை. அந்த மெக்கானிக்கே மறுபடியும் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். கொடிகளுக்கு மட்டும் மொழி தேவைப்படவில்லை: மஞ்சள் காட்டினால் முந்தக் கூடாது, சிவப்புக்கு நிற்க வேண்டும், நீலத்துக்குப் பின்னால் வருகிறவனுக்கு வழிவிட வேண்டும்.

தொடக்கக் கோட்டின் கம்பித் தடுப்பு விழுந்ததும் எல்லோரும் முதல் வளைவுக்கு ஒருமிக்கப் பாய்ந்தார்கள். மருமகன் கடைசியிலிருந்து இரண்டாவது. முன்னால் போனவர்கள் எழுப்பிய புழுதியில் அவனை நான் காணவேயில்லை. இரண்டாம் சுற்றில் கண்டபோது நான்கு பேரைத் தாண்டியிருந்தான். நேர்த்தடத்தில் அவனுடைய எஞ்சின் யாரையும் முந்தவில்லை. மற்றவர்கள் வளைவுக்குள் வந்தபின் பிரேக் பிடித்து வெளிப்பக்கமாக வழுக்கிப் போனார்கள். இவன் முந்தியே வேகத்தைக் குறைத்து, உள்பக்கமாகத் திரும்பி, அவர்களுக்கு முன்பே அக்சிலேட்டரைத் திறந்தான். மீன்பெட்டியுடன் ஓடியவனின் ஓட்டம் அது. 17 பேரில் 11ஆவதாக வந்தான். எனக்குக் கண் கலங்கியது. அவனோ எயார் பில்டரைக் கழற்றிக் கழுவ வாளி தேடினான்.

அடுத்த ஆண்டு ஒரு பயிற்சி ஓட்டத்தில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கை தொட்டிலில். விழுந்த தலைக்கவசத்தை வெட்டிக் குப்பையில் போட்டேன். உள்ளே இருக்கும் நுரை ஒரு தடவைதான் நசுங்கும், வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. அதன் விலையை நினைத்துத் தங்கையின் கணவர் அன்று முழுவதும் பேசவில்லை. கை ஆறிக்கொண்டிருந்த 2024 ஏப்ரல் 21ஆம் திகதி போக்ஸ் ஹில்லில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் புகுந்ததில் ஒரு சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த என் தங்கை, இனி வேண்டாம் அண்ணா என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். நானும் அவளுடன் வாதாடவில்லை. இளம் ஓட்டிகளின் ஆபத்தை உலகமும் உணர்ந்தே இருக்கிறது; 2021இல் தார்த்தடப் போட்டிகளில் மூன்று பதின்வயது ஓட்டிகள் இறந்தபின், உலகக் கிராண்ட் பிரிக்ஸ் பந்தயங்களில் ஓடுவதற்கான குறைந்தபட்ச வயது 2023 முதல் 18 ஆக உயர்த்தப்பட்டது.

மருமகன் தாயை வற்புறுத்தவில்லை. ஆறேழு மாதம் கராஜில் வேலை செய்தான். பிறகு ஒரு நாள் அவளே தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். போட்டி நடந்த இடத்துக்கு வந்ததும் மகனையோ வண்டியையோ பார்க்காமல், சனம் எங்கே நிற்கும், வேலி எவ்வளவு தூரம், அம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். தடத்தின் ஒரு மூலையில் வேலிக்கு உள்ளே நின்ற இளைஞர்களைச் சிங்களத்தில் அதட்டி வெளியே அனுப்பியதையும் நான் கண்டேன். அன்று அவன் 6ஆவதாக வந்தான். அவள் ஓட்டத்தைப் பாதிக்குமேல் பார்க்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டாள்.

அவனுடைய தம்பிக்கு இப்போது பத்து வயது. இந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை கராஜுக்கு வந்து, ஆணியில் தொங்கும் சாலியின் சாவியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போயிருக்கிறான். கால் இன்னும் நிலத்தில் எட்டவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியவனுக்குப் போட்டி. சனி இரவு பட்டா வருகிறது, செயின் இன்னும் பூட்டப்படவில்லை. ஆகவே நான் விடைபெறுகிறேன். வணக்கம்.